ஏ.சி. கொஞ்சம் வேர்க்க விடட்டும்

ஆசிரியருக்கு,

2020 முதல் நட்சத்திரக் குறியீடுள்ள அறை ஏ.சி.க்கள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. ஆனால் ரிமோட்டை நாலு தட்டுத் தட்டினால் 18 வந்துவிடுகிறது. 18 வைத்தால் அறை சீக்கிரம் குளிராது. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம்.

விடியற்காலை நாலு மணிக்குப் போர்வையைத் தேடி இழுக்கிறோமே, அது உடல் வெப்பம் தணிந்திருக்கும் நேரம். அதனால் நள்ளிரவில் 24-ல் இருக்கும் ஏ.சி.யின் வெப்பநிலை, மணிக்கு அரை டிகிரி தானாக ஏறி, 5 மணிக்கு 26.5 தொட வேண்டும். கூடவே குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி சுற்றட்டும். லேசான புழுக்கம் இருக்கும்தான். இரண்டு வாரத்தில் உடல் பழகிவிடும்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது சொதப்புவது ஈரப்பதத்தால். தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் மெதுவாக ஓடும்போது உள்ளே இருக்கும் காயில் போதிய அளவு குளிராது, காற்றிலுள்ள நீர் வடியாது, தலையணை பிசுபிசுக்கும். ஆகவே ஈரப்பத சென்சார் கட்டாயம் வேண்டும்; 60 சதவீதம் தாண்டினால் தானாக, காற்றின் ஈரத்தை நீக்கும் டிரை மோடுக்கு மாற வேண்டும்.

கைக்குழந்தை, முதியோர், நோயாளி உள்ள அறைகளில் இந்த ஏற்றத்தை ஒரே பொத்தானில் நிறுத்த வழி இருந்தே ஆகவேண்டும். தயாரிப்பாளர்கள் இதைத் தனி மாடலாக அல்லாமல் எல்லா ஏ.சி.யிலும் தர வேண்டும்.

– ஏ.சி. பழுதுபார்ப்போர், சென்னை