குறைந்தபட்சத் தொகை என்னும் கண்ணி

ஆசிரியருக்கு வணக்கம்.

மளிகை, பெட்ரோல், மின்கட்டணம் எல்லாவற்றையும் மூன்று ஆண்டுகளாகக் கேஷ்பேக் கிரெடிட் கார்டில்தான் செலுத்துகிறேன். மாதம் 18,000 ரூபாய்க்கு 180 ரூபாய் திரும்புகிறது. கெடு தேதிக்கு முன் முழுத் தொகையையும் கட்டிவிடுவேன்.

என் தம்பி தன் கார்டின் 30,000 ரூபாய் பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய சிறு பங்கு, மட்டும் கட்டினான். மாதம் 3.5 சதவீத வட்டி, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பிறகு வாங்கிய பாலுக்கும் காய்கறிக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடியது! என் ஓராண்டு கேஷ்பேக்கை அவன் இரண்டு மாதத்தில் வட்டியாக இழந்தான்.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் வட்டி ஏறும் என்ற எச்சரிக்கை அவன் பில்லில் இருக்கத்தான் செய்தது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். அதைத் தமிழில், கட்ட வேண்டிய தொகைக்குப் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் அச்சிட ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்