அந்தப் படத்தில் சீல் திரும்பியிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாகனப் பக்கத்தில், பழைய எஸ்யூவிகளின் பின் ஆக்ஸிலில், அதாவது பின்சக்கரங்களைச் சுழற்றும் அச்சில், எண்ணெய் ஒழுகுவதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. ‘ஒழுகினால் சீலை மாற்றிவிடுங்கள், தீர்ந்தது’ என்பதுதான் அதன் சாரம். சீல் என்பது எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் உதடு கொண்ட வளையம். கூடவே ஒரு படம். அதில் சீலின் ஸ்பிரிங் தெரியும் முகம் சக்கரத்தைப் பார்த்தபடி இருந்தது. அந்த முகம் எண்ணெய் இருக்கும் பக்கத்தை, அதாவது உள்ளே, ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலைப் பார்த்திருக்க வேண்டும். படத்தைத் திருத்தச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத, அந்தத் ‘தீர்ந்தது’தான் அதிகம் உறுத்துகிறது. என் வண்டியில் ஒரே சக்கரத்துக்கு ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று முறை ‘தீர்ந்தது’.

வண்டி 2002-ஆம் ஆண்டினுடையது. பின்னால் முழு ஆக்ஸில், டிரம் பிரேக். பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற நான்தான் அதை ஓட்டுகிறேன். முதலில் கண்ணில் பட்டது எண்ணெய் அல்ல. ஒரு சரிவில் கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கப் போனேன். வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. குனிந்து பார்த்தால் இடது பின் டயரின் உட்பக்கம் மட்டும் கறுப்பாக மினுமினுத்தது. தூசி அதில் களிம்புபோல ஒட்டியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். கியர் எண்ணெயின் கந்தக வாடையை ஒருமுறை அறிந்தவர்கள் மறக்கமாட்டார்கள். பிரேக் எண்ணெய் கசிந்தாலும் டயர் நனையும்தான். ஆனால் அது நீர்த்திருக்கும், இந்த வாடையும் இராது.

நான் போன பட்டறையில், “அம்மா, இருபது வயது வண்டி, ஒழுகத்தான் செய்யும்” என்றார்கள். எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். என்ஜினுக்கு அடியில் நான்கு சொட்டு விழுந்தால் தரை அழுக்காகும், அவ்வளவுதான். இந்த எண்ணெய் விழுவது டிரம்மை உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பிரேக் ஷூவின்மேல். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் மட்டும் பிடித்தால், ஈரச் சாலையில் அழுத்தி மிதிக்கும்போது வண்டியின் பின்பகுதி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வயதைக் காரணம் காட்டி விட்டுவிடக்கூடிய ஒழுகல் இல்லை இது.

கழற்றிய சீல்களை நான் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்றும் இப்போது ஒரு பிஸ்கட் டப்பாவில், இதை எழுதும் மேசைமேல் இருக்கின்றன. முதலாவதன் இரும்பு விளிம்பு ஓரிடத்தில் மட்டும் நசுங்கியிருக்கிறது. சீலின்மேலேயே சுத்தியலால் தட்டி ஏற்றியிருக்கிறார்கள், சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. சீலின் வெளிவட்டத்துக்குச் சமமான ஒரு வளையத்தையோ பெரிய சாக்கெட்டையோ மேலே வைத்துத் தட்டியிருந்தால் நேராக இறங்கியிருக்கும். இரண்டாவதன் ரப்பர் உதட்டில் ஒரு வெட்டு இருக்கிறது. நூலளவுதான், வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினால்தான் தெரிகிறது. ஆக்ஸில் தண்டின் முனையில் இருக்கும் பற்களை உதட்டின்மேல் இழுத்தபடியே உள்ளே செலுத்தியிருக்கிறார்கள். கனமான தண்டை ஒருவர் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் வழிகாட்ட வேண்டும், உதட்டில் முன்னதாகக் கொஞ்சம் கிரீஸ் தடவியிருக்க வேண்டும். அன்று பட்டறையில் இருந்தது ஒரே ஒரு பையன். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

மூன்றாவது சீலில் ஒரு குறையும் இல்லை. விளிம்பு நேர்த்தி, உதடு முழுசு, ஸ்பிரிங் இருந்த இடத்தில் இருக்கிறது. அதுவும் ஒழுகியது.

அதன்பிறகுதான் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன், வயதில் மூத்தவர். அவர் சக்கரத்தைத் தொடவே இல்லை. வண்டிக்கு அடியில் போய், ஆக்ஸில் தண்டுகளை மூடியிருக்கும் இரும்புக் குழாயான ஹவுசிங்கின் மேல்பக்கம் கையைவிட்டுத் துழாவினார். “பிரீதர் எங்கே என்று யாராவது பார்த்தார்களா, டீச்சரம்மா?” நான் டீச்சர் இல்லை என்று திருத்தவில்லை. அங்கே சுண்டுவிரல் நுனியளவில் காளான்போல ஒரு மூடி. உள்ளே இருக்கும் காற்று போய்வர விட்ட வழி, அதுதான் பிரீதர். விரலால் திருகினால் தளர்வாகச் சுழல வேண்டுமாம். என்னுடையதில் சேறு காய்ந்து கல்லாகி, மூடி ஹவுசிங்கோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு மணிநேரம் ஓட்டி வந்த வண்டி, ஆக்ஸில் சூடாக இருந்தது. ஸ்பானரை வைத்து அதைத் தளர்த்தினார். சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினாற்போல ‘புஸ்’ என்று ஒரு சத்தம்.

வெட்கமாக இருந்தது எனக்கு. அடைத்த குடுவையைச் சூடாக்காதே என்று முப்பது ஆண்டுகள் பிள்ளைகளிடம் கத்தியவள் நான். 30 டிகிரியில் அடைபட்ட காற்றை 90 டிகிரிக்குச் சூடாக்கினால் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆக்ஸிலின் சீல் வாரியடிக்கும் எண்ணெயைத் தடுக்கச் செய்யப்பட்டது, உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைத் தாங்க அல்ல. வெளியேற வழியில்லாத காற்று எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு உதட்டின் வழியாக வெளியேறுகிறது. இதற்கு எதிர்த்திசையும் உண்டு: சூடான ஆக்ஸில் வெள்ளத்தில் இறங்கித் திடீரென்று குளிர்ந்தால், அதே உதட்டின் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால் அதுதான் காரணம்.

இடது பக்கம் மட்டும் ஏன் என்று கேட்டேன். “வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்டார். என் வீட்டு நிறுத்துமிடம் இடப்பக்கம் சாய்ந்தது. இரவெல்லாம் எண்ணெய் அந்தப் பக்கக் குழாயிலேயே போய்த் தேங்கி நின்றிருக்கிறது. ஒன்றரை ஆண்டாக யாரும் கேட்காத கேள்வி.

பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினார். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஆக்ஸிலுக்கு அடியில் தாங்கிகள். வெறும் ஜாக்கியை நம்பி யாரையும் அடியில் விடவில்லை. கை பிரேக் பின்சக்கரத்தில்தான் இருக்கிறது, டிரம்மைக் கழற்றிவிட்டால் அதுவும் இல்லை என்றார். டிரம்முக்குள் இருந்த கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாமல் நனைத்துத் துடைத்தார். ஷூவின்மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டைதான் லைனிங்; பழைய லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். பிரேக் தட்டின் பின்னால் நான்கு நட்டுகளை எடுத்ததும் தண்டு பேரிங்கோடு வெளியே வந்தது. பேரிங்கைக் கையால் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டார். பேரிங் தேய்ந்திருந்தால் தண்டு ஆடும், ஆடும் தண்டில் எந்தச் சீலும் நிற்காது. பிறகு சீலின் உதடு தொடும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வழவழப்பாக இருந்தது. நகம் தட்டியிருந்தால் தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று பொருள். அதன்மேல் மெல்லிய எஃகு உறை போட வேண்டும், அல்லது உதடு பள்ளத்தை விட்டு விலகி உட்காரும்படி சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்த வேண்டும்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. முதல் இரண்டு முறையும், எண்ணெயில் ஊறிய பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவிக் கொளுத்தி அதையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். லைனிங் நுண்துளைகள் உள்ள பொருள். மேலே உள்ளது எரியும், உள்ளே ஊறியது சூட்டில் மறுபடி கசியும். சீல் சரியாக இருந்தாலும் பிரேக் வழுக்கும். ஊறிய ஷூவைத் தூக்கி எறிந்துவிட்டு, இரு பக்கத்துக்கும் சேர்த்துப் புதிதாகப் போட வேண்டும். இந்த மெக்கானிக் அப்படித்தான் செய்தார்.

கடைசியில் எண்ணெய். அதை மாற்றும்போது அவர் ஊற்றும் துவாரத்தின் போல்ட்டைத்தான் முதலில் தளர்த்தினார். வடித்துவிட்ட பிறகு அது இறுகிப்போயிருக்கிறது என்று தெரிந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். என் வண்டியின் கையேட்டில் உள்ளபடி 80டபிள்யூ-90 பாகுநிலையும் ஜிஎல்-5 தரமும் கொண்ட கியர் எண்ணெய். சமதளத்தில் நிறுத்தி, துவாரத்தின் கீழ் விளிம்பு வரைதான் ஊற்றினார். இன்னும் கொஞ்சம் ஊற்றலாமே என்று நான்தான் கேட்டேன். ‘அதுவும் ஒழுகலில்தான் முடியும்’ என்றார்.

இது நடந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, அடியில் கையைவிட்டு அந்த மூடியைச் சுழற்றிப் பார்க்கிறேன். இடது டயரின் உட்பக்கம் வெறும் தூசியாகத்தான் இருக்கிறது, தட்டினால் உதிர்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைச் சரியாகத் திருப்பி, பிரீதர் எங்கே இருக்கிறது என்பதற்கும் ஒரு படத்தோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்