வட்ட நாற்கரமும் வெளியே நிற்கும் மையமும்: பாடநூல் எழுதுவோருக்கும் விடைத்தாள் திருத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோருக்கு, வணக்கம்.

நான்கு முனைகளும் ஒரே வட்டத்தின் மேல் இருக்கும் நாற்கரமே வட்ட நாற்கரம். அதன் எதிர்க்கோணங்களின் கூடுதல் 180° என்று நிறுவும்போது மையத்தை நாற்கரத்துக்குள்ளேயே வரைந்து பழகிவிட்டோம். நான்கு ஆரங்கள், நான்கு இருசமபக்க முக்கோணங்கள், அடிக்கோணங்களைக் கூட்டினால் விடை. ஒரு வட்டத்தில் 20°, 60°, 100°, 140° ஆகிய இடங்களில் க, ச, ட, த என்று புள்ளிகளை வைத்துப் பாருங்கள். மையம் ம, கத பக்கத்துக்கு அப்பால் வெளியே நிற்கும். ∠மகச 70°, ∠மகத 30°. அப்படியானால் ∠க 100° அல்ல, 40°. கூட்டிய இடத்தில் கழிக்க வேண்டும். எதிரே ∠ட 140°, ஆகவே தேற்றம் நிற்கிறது. மாணவர் எழுதிய நிரூபணம்தான் இந்தப் படத்துக்குப் பொருந்தவில்லை.

வட்டவில்லைக் கொண்டு நிறுவினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ∠சமத = 2∠க என்றும், அடுத்த வரியிலேயே ∠சமத = 2∠ட என்றும் மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். அப்படியே விட்டால் எதிர்க்கோணங்கள் சமம் என்றாகிவிடும்! சத விட்டமாக இல்லாதவரை இரண்டில் ஒன்று பின்வளை கோணம், அதாவது 180°-ஐ விடப் பெரியது. எந்த வில் தாங்கும் கோணம் என்று பெயரிட்டு எழுதினால் மட்டும் மதிப்பெண் கொடுங்கள்.

மறுதலைக்குத்தான், அதாவது எதிர்க்கோணங்களின் கூடுதல் 180° என்றால் அது வட்ட நாற்கரமே என்று நிறுவுவதற்குத்தான், அதிகக் கவனம் வேண்டும். க, ச, ட வழியாக வட்டம் வரைந்து, கத கோடு அதை மறுபடி வெட்டும் புள்ளியை எடுப்பது வழக்கம். அந்தக் கோடு வட்டத்தை க புள்ளியில் தொட்டு மட்டும் சென்றால் வெட்டும் புள்ளியே கிடைக்காது. மூலைவிட்டத்தை எடுங்கள். குவிவு நாற்கரத்தில் (எந்தக் கோணமும் 180°-ஐத் தாண்டாதது) சத, கட நாணை வட்டத்துக்குள் வெட்டும். எனவே சவிலிருந்து த வழியே செல்லும் கதிர் அந்த நாணுக்கு அப்பால் வட்டத்தை ஒரே புள்ளியில், ப என்ற இடத்தில், சந்திக்கும். ∠கபட = 180° − ∠ச. த வட்டத்துக்குள் இருந்தால் ∠கதச, முக்கோணம் கதபவின் வெளிக்கோணம்; எனவே ∠கபசவை விடப் பெரிது. ட பக்கமும் அப்படியே. இரண்டையும் கூட்டினால் ∠கதட > ∠கபட. த வெளியே இருந்தால் குறி திரும்பும். ∠ச + ∠த = 180° என்ற தரவோடு இரண்டும் மோதுவதால் த, பவேதான்.

அடுத்த பதிப்பில் மறுதலையை இந்த வழியில் முழுமையாக அச்சிடுங்கள். வினாத்தாளில் ஒரு படத்திலாவது மையம் வெளியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
வடிவியல் கற்பிப்போர் சிலர்