பிரிட்டனில் தமிழ் நிகழ்ச்சிகள் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். மண்டபம் பிடித்து, கலைஞர்களுக்கு விசா வாங்க அலைந்து நீங்கள் நிகழ்ச்சி நடத்துவதால்தான் இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் நாதஸ்வரத்தை நேரில் கேட்கிறார்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் டிக்கெட் விற்கும் தளங்களில், பணம் கட்டுவதற்குச் சற்று முன்னால் ஒரு கட்டம் வருகிறது. கூடச் சில பவுண்டுகள் கட்டினால் டிக்கெட்டுக்குப் பாதுகாப்பு என்கிறது. லெஸ்டர், கவென்ட்ரி, பர்மிங்காம் என்று ரயிலை நம்பி லண்டன் வருகிற எங்களைப் போன்றவர்கள் பலர் அதை டிக் செய்துவிடுகிறோம். காரணம் உண்டு. நிகழ்ச்சி ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பும். நிகழ்ச்சி நடந்து, நாங்கள்தான் வந்துசேர முடியவில்லை என்றால் பொதுவாக யாரும் திருப்பித் தர வேண்டியதில்லை. ரயில் தாமதத்துக்குக் கிடைக்கும் ‘டிலே ரீபே’ ரயில் கட்டணத்தைக் கணக்கிட்டுத் தருவது. கச்சேரி டிக்கெட் அதில் வராது.

ஆனால் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் இருப்பது எல்லா இடத்திலும் இன்சூரன்ஸ் இல்லை. சில தளங்கள் விற்பது முறையான காப்பீடு. அதில் நாம் பணம் கேட்டு வைக்கும் கோரிக்கையை மறுத்தால் நிறுவனத்திடம் புகார் செய்து, 8 வாரத்தில் தீராவிட்டால், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் செலவில்லாமல் போகலாம். இறுதிப் பதில் முன்பே வந்துவிட்டால், அதிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். வேறு சில தளங்கள் விற்பது ‘ரீஃபண்ட் புரொடெக்‌ஷன்’, அதாவது வர முடியாமல் போனால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்ற ஏற்பாடு. இது காப்பீடு அல்ல என்று அவர்களுடைய விதிமுறையிலேயே இருக்கும். அதில் தகராறு வந்தால் ஒம்புட்ஸ்மனிடம் போகும் வழி பெரும்பாலும் இல்லை. திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நீங்கள் எதை விற்க அனுமதித்திருக்கிறீர்கள் என்பதை டிக்கெட் பக்கத்தில் ஒரு வரியில், தமிழில், எழுதுங்கள்.

அப்புறம், சான்றுகள். பெட்ஃபோர்டு அருகே மேலே ஓடும் மின்கம்பி பழுதாகி, நாங்கள் போன ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. டிக்கெட் பாதுகாப்பை விற்றவர்களிடம் பணம் கேட்டபோது, கோரிக்கைப் படிவத்தில் இரண்டு ஆவணங்கள் கேட்டார்கள். ஒன்று, ரயில் நின்ற காரணத்தையும் நேரத்தையும் காட்டும் ரயில் நிறுவனத்தின் கடிதம். அது மின்னஞ்சலில் எளிதாகக் கிடைத்தது. மற்றது, எங்கள் டிக்கெட்டுகள் வாசலில் ஸ்கேன் ஆகவில்லை என்று நிகழ்ச்சி நடத்தியவர்கள் தரும் உறுதி. வாட்ஸ்அப்பில் கேட்டோம், மின்னஞ்சல் அனுப்பினோம். பதிலே இல்லை. கெடு முடிந்ததும் கோரிக்கையை மூடிவிட்டார்கள். வாசலில் ஸ்கேன் செய்தவர்களின் பட்டியல் அமைப்பாளர் கையில் இருக்கிறது. அதைப் பார்த்து இரண்டு வரி எழுத ஐந்து நிமிடம் ஆகுமா? நிகழ்ச்சி முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு இதைக் கவனிக்க ஒருவரை வையுங்கள்.

தேதி குறிக்கும்போதும் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வார இறுதியில். ரயில் பாதை வேலைகளும் வார இறுதியிலும் வங்கி விடுமுறையிலும்தான் அதிகம். முன்கூட்டியே அறிவித்த வேலைக்காக ரயில் ஓடாவிட்டால் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. தெரிந்துதானே புறப்பட்டீர்கள் என்பார்கள். 2022 முதல் 2024 வரை நடந்த ரயில் வேலைநிறுத்தங்களும் முன்னறிவிப்போடு வந்தவைதான். நேஷனல் ரயில் தளத்தில் பாதை வேலைகளின் விவரம் முன்பே வந்துவிடுகிறது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன் அதை ஒருமுறை பாருங்கள். தேதியை மாற்ற வழியில்லையா, சரி, போஸ்டரிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் காரிலோ கோச்சிலோ வர ஏற்பாடு செய்துகொள்வோம்.

கடைசியாக ஒன்று. வர முடியாதவர், லண்டனிலேயே இருக்கும் வேறொருவர் பெயருக்கு டிக்கெட்டை மாற்றித்தர நிகழ்ச்சி நாள் மதியம் வரை அனுமதியுங்கள். குடும்பத்தோடு வர நினைத்தவருக்கு டிக்கெட் பணம் சின்னத் தொகை இல்லை. உங்களுக்கும் நாற்காலி காலியாகக் கிடக்காது.

இப்படிக்கு,
லெஸ்டரிலிருந்து உங்கள் நிகழ்ச்சிகளுக்கு வரும் ஒரு ரசிகை