ரேஷன் காலத்துக் கோப்பை

அன்புள்ள கதிர்,

இங்கே எல்லோரும் நலம். ராத்திரிக்கு நாலு பிஸ்கட்டோடு படுத்துவிட்டதாக நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. லிவர்பூலில் உட்கார்ந்துகொண்டா பட்டினி கிடப்பாய்? அந்த ஊர் கால்பந்து டீம் 1947-ல் இங்கிலாந்து லீக் பட்டம் வாங்கியதே சாப்பாட்டில் ஆரம்பித்த கதைதானப்பா.

இரண்டாம் உலகப் போர் முடிந்தும் பிரிட்டனில் ரேஷன் தீரவில்லை. போர்க்காலத்தில்கூட இல்லாத ரொட்டி ரேஷன் 1946 ஜூலையில் வந்து சேர்ந்தது. லிவர்பூல் கழகத் தலைவர் மெக்கானெலுக்கு உணவு வியாபாரம் தொழில். அந்த வருஷம் சீசனுக்கு முன்னால் ஆட்டக்காரர்களை அமெரிக்கா, கனடா என்று கூட்டிப்போனார்கள். மேட்சும் ஆடினார்கள், இறைச்சி, பால், முட்டை என்று வயிறாரச் சாப்பிடவும் செய்தார்கள். உடம்பு தேறித் திரும்பினார்கள்.

நவம்பரில் லிவர்பூலின் ஜாக் பால்மர் அடுத்தடுத்து மூன்று லீக் மேட்ச்சில் ஹாட்ரிக், அதாவது ஒரே மேட்சில் மூன்று கோலாவது. போர்ட்ஸ்மத்துக்கு எதிராக 3, டெர்பிக்கு எதிராக 4, ஆர்சனலுக்கு எதிராக 3. நியூகாசிலிலிருந்து 12,500 பவுண்டுக்கு வாங்கிய ஸ்டபின்ஸும் அவரும் அந்த சீசன் லீக்கில் ஆளுக்கு 24 கோல்.

அப்புறம் பிடித்தது பனி. மேட்சுகள் தள்ளிப்போய், சீசன் ஜூன் வரை இழுத்தது. மே 31-ல் உல்வ்ஸ் டீமை அவர்கள் மைதானத்திலேயே 2-1 என்று வென்று லிவர்பூல் 57 புள்ளியோடு முடித்துக்கொண்டது. ஆனால் 55 புள்ளியில் இருந்த ஸ்டோக் டீமுக்கு இன்னும் ஒரு மேட்ச் பாக்கி. அப்போதெல்லாம் ஜெயித்தால் இரண்டு புள்ளி. ஜெயித்தால் புள்ளி சமமாகி, கோல் சராசரியில் (போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்தது) பட்டம் அவர்களுக்குத்தான். இரண்டு வாரம் சும்மா காத்திருக்க வேண்டும். நானாக இருந்தால் நகம் மிஞ்சியிருக்காது.

ஜூன் 14. லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில், அதே ஊர் டீமான எவர்டனோடு உள்ளூர்க் கோப்பை ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் சேதி வந்தது: ஷெஃபீல்டில் ஸ்டோக் 2-1 என்று தோற்றுவிட்டது. தங்கள் நட்சத்திர ஆட்டக்காரர் ஸ்டான்லி மேத்யூஸை மே மாதம்தான் பிளாக்பூலுக்கு விற்றிருந்தார்கள் ஸ்டோக்காரர்கள். பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது யாராவது அவரை விற்பார்களா? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பார்சலில் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கொஞ்சம் வடாம் வருகிறது. அரிசி மட்டும் அங்கே வாங்கிக்கொள். நீ தட்டோடு ஒரு போட்டோ அனுப்பினால்தான் அம்மா நம்புவாள்.

அன்புடன்,
அப்பா