கோழி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் மே மாதம் நீங்கலாக ஒழுங்காக நடந்தன. அக்கினி நட்சத்திரத்தில் வேலூரில் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்?

இந்த ஆண்டு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். எல்லோருக்கும், கிளி மாதிரி குட்டையாக வளைந்த மூக்கும் நீண்ட வாலும் கொண்ட கிளிமூக்கு விசிறிவால் கோழி மேல்தான் கண். சந்தோஷம். ஆனால் பலரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். செல்போனில் படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் சொல்ல முடியாத விலைக்கு ஒரு சேவலை வாங்குகிறார்கள். ஜோடிக்கு, சந்தையில் கிடைத்த பெட்டை. குஞ்சு வளர்ந்ததும் மூக்கு நீண்டு, வால் குட்டையாக நிற்கிறது. சேவல் மேல் பழி விழுகிறது. குஞ்சில் பாதி தாயிடமிருந்து வருவதாயிற்றே! அதனால் காசைப் பெட்டையில் போடுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வந்தேன். நல்ல வழியில் வந்த பெட்டை இரண்டு மூன்று இருந்தால் போதும், சேவலை மூத்த உறுப்பினர்களிடம் இரவல் கேட்கலாம். வாங்கும் முன் தாயையும் கூடப் பிறந்தவற்றையும் காட்டச் சொல்லுங்கள். தயங்குகிறாரா, வண்டியைத் திருப்புங்கள்.

அடை வைக்கும் பயிற்சிக்குத்தான் கூட்டம் அதிகம். முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாகக் கூடாது, கூர்முனை கீழே இருக்கும்படி நிழலில் வைக்க வேண்டும். ஏழாம் நாள் இருட்டறையில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துக் காட்டினோம். கரு கூடிய முட்டையில் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகள் ஓடின, நடுவில் ஒரு புள்ளி துடித்தது. கூமுட்டை வெறும் மஞ்சளாகத் தெரிந்தது. ஒரு பையன் முட்டையைக் கீழே வைக்கவே மாட்டேன் என்றான். 21ஆம் நாள் பொரிந்த குஞ்சுகளுக்குக் கால் வளையம் மாட்டி, எந்தத் தாய், எந்தச் சேவல் என்று நோட்டில் எழுதினோம். நோட்டு இல்லாதவர்கள் இரண்டு மூன்று தலைமுறைக்குள் அண்ணன் தங்கையையே ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். அப்புறம் முட்டை பொரிக்கவில்லை, குஞ்சு நோஞ்சானாக இருக்கிறது என்று எனக்குப் போன் வரும்.

கண்காட்சி நன்றாக நடந்தது. காகம், கீரி, செவலை, பூதி என்று எல்லா நிறமும் வந்தன. நடுவர்கள் குட்டையாக வளைந்த மூக்கு, வெளிறிய கண், சின்னக் கொண்டை, நீண்ட வால், கால் எனப் பார்த்துப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். உடலமைப்பில் குறையே சொல்ல முடியாத ஒரு சேவல், ஆளைக் கண்டதும் கூண்டு மூலையில் ஒடுங்கி, வாலையும் ஒடித்துக்கொண்டது. பரிசு போயிற்று. ஒரு மாதம் முன்பே கூண்டில் விட்டு, தினமும் கையில் எடுத்துப் பழக்கியிருந்தால் அது நிமிர்ந்து நின்றிருக்கும். காலைப் பழைய பல் பிரஷால் தேய்த்து எண்ணெய் தடவுவதெல்லாம் அதற்கு அடுத்த வேலை.

கண்காட்சி முடிந்து சில வீடுகளில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது வருத்தமான விஷயம். போய் வந்த கோழியை நேராகக் கொட்டகையில் விட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று வாரமாவது தனியே வைக்க வேண்டும். இந்த நோய்க்கு, குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணில் லசோட்டா என்ற தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையில் தடுப்பூசி. இரண்டையும் தவற விடாதீர்கள். தடுப்பு மருந்து ஐஸ் பெட்டியில்தான் வீடு வர வேண்டும், சட்டைப் பையில் வந்தால் தண்ணீர்தான். சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

சண்டைக்கு விடச் சேவல் கிடைக்குமா என்று இந்த ஆண்டும் சிலர் விசாரித்தார்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். கத்தி கட்டினாலும் கட்டாவிட்டாலும் நம் சங்கத்தில் அதற்கு இடமில்லை.

அடுத்த கண்காட்சியில் தடுப்பூசிச் சீட்டு இல்லாத கோழிக்குக் கூண்டு தருவதில்லை என்ற தீர்மானத்தைக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். பெட்டைக்கும் தனிப் பரிசு வேண்டும் என்பது இரண்டாவது தீர்மானம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் போகும்போது பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும். கால் வளையங்களும் அவரிடமே கிடைக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்