சார்ஜர் இருக்கிறது, வேலை செய்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025க்குள் மலேசியா முழுக்க மின்கார்களுக்கு 10,000 பொது சார்ஜர்கள் என்றது அரசு. அந்த இலக்கு எட்டவில்லை. சரி, போகட்டும். இருப்பவையாவது ஒழுங்காக ஓடுகின்றனவா? செயலியில் 'காலி' என்று காட்டும். போய்ப் பார்த்தால் திரை இருண்டு கிடக்கும், இல்லையென்றால் செம்புக்காக எவனோ கேபிளை வெட்டிப் போயிருப்பான். பெட்ரோல் கார் ஒன்று அந்த இடத்தில் ஹாயாக நிற்பதும் உண்டு. அப்புறம் நிறுவனத்துக்கு ஒரு செயலி, அதில் முன்பணம் வேறு.

தரை வீட்டுக்காரர்கள் இரவில் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்வார்கள். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். பழைய கட்டடங்களின் மின் இணைப்பு இவ்வளவு சுமையை எதிர்பார்த்துப் போட்டதல்ல. நிர்வாகக் குழுவிடம் கேட்டால் தீ விபத்து பயம், செலவை யார் ஏற்பது என்ற வாக்குவாதம். விரைவு சார்ஜர் என்றால் சில இடங்களில் துணை மின்நிலையமே தேவைப்படும்.

சார்ஜர் நிலையங்களுக்கு உரிமம் கொடுப்பது எரிசக்தி ஆணையம். பழுதை இத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும், தவறினால் அபராதம் என்று அந்த உரிமத்திலேயே எழுதலாமே. எந்த நிலையம் எவ்வளவு நேரம் முடங்கிக் கிடந்தது என்ற கணக்கையும் மாதந்தோறும் வெளியிடச் சொல்லலாம்.

வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்